கியர்பாக்ஸுக்கு 72 ஆயிரம், அதனால் ஏறிய வரி 61 ஆயிரம்: இது எந்த ஊர் நியாயம்?

வேடசந்தூர் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு திண்டுக்கல், வேலை வேடசந்தூர்ப் பக்கம். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நடக்கிறேன், நின்றுகொண்டே பாடம் எடுக்கிறேன், கிளட்ச்சை மட்டும் மிதிக்க முடியவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பத்தடிக்கு ஒரு கிளட்ச். அதனால் இருக்கிற பழைய காரைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்று ஷோரூம் போனேன்.

பார்த்தது 4 மீட்டருக்குள் வரும் பெட்ரோல் வண்டி. கொட்டேஷன் தாள் இரண்டு கொடுத்தார்கள். வண்டி ஒன்றுதான், வேரியன்ட் ஒன்றுதான், கலர்கூட ஒன்றுதான். கியர் மட்டும் வேறு.

மேனுவல்: எக்ஸ்-ஷோரூம் 9,62,000. லைஃப் டாக்ஸ் 1,25,060.
ஆட்டோமேட்டிக்: எக்ஸ்-ஷோரூம் 10,34,000. லைஃப் டாக்ஸ் 1,86,120.

கியர்பாக்ஸுக்குக் கம்பெனி வாங்குவது 72,000. அதற்காக அரசாங்கம் கூடுதலாக வாங்குவது 61,060. சேல்ஸ் தம்பியிடம் "டைப் அடிச்சதுல தப்பா இருக்கும், பாருப்பா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "இல்ல மேடம், பத்து லட்சம் தாண்டிருச்சுல்ல" என்றார். தினமும் நாலு பேருக்கு இதைச் சொல்கிறவர் போல.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் காருக்கு வாழ்நாள் வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விலை கூடினால் வரி விகிதமும் கூடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருப்பவர்கள் கூடக் கட்டட்டும்.

ஆனால் வருமான வரியில் எப்படி? ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் முதல் ரூபாயிலிருந்து முழு விலைக்கும் 18. 9,99,000 ரூபாய் காருக்கு வரி 1,29,870. 10,01,000 ரூபாய் காருக்கு 1,80,180. இரண்டாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய் வரி வித்தியாசம்! பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் இதை கிராஃபாக வரையச் சொன்னால் பத்து லட்சத்தில் கோடு அப்படியே செங்குத்தாக ஏறும்.

வருமான வரி மாதிரி அடுக்கடுக்காகப் போட்டால் என் வண்டிக்கு எவ்வளவு வரும்? முதல் 5 லட்சத்துக்கு 60,000, அடுத்த 5 லட்சத்துக்கு 65,000, மிச்சம் 34,000க்கு 6,120. ஆக 1,31,120. இப்போது கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் சரியாக 55,000.

மூன்று இடங்களில் இந்த மாதிரி ஏறுகிறது. 5 லட்சத்தில் 5,000 ரூபாய். 20 லட்சத்தில் 40,000. நடுவில் 10 லட்சத்தில் 50,000. பெரிய தாவல் எங்களைப் போன்ற நடுத்தர வர்க்கத்தின் தலையில்தான் விழுகிறது, பாருங்கள். இதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரோல்ஸ் ராய்ஸ் வழக்கை யாரும் இங்கே இழுக்க வேண்டாம், அது நுழைவு வரி, வேறு சமாச்சாரம்.

---

நின்றுகொண்டே பயணம்

டீச்சர், உங்கள் கால் சீக்கிரம் சரியாகட்டும். ஆனால் பத்து லட்ச ரூபாய் கார் வாங்குகிறவர்களை நடுத்தர வர்க்கம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கார் இருக்கிற குடும்பம் நூற்றுக்கு சுமார் எட்டுதான். அந்த எட்டிலும் பழைய ஆல்டோ வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பத்து லட்சத்துக்குப் புது வண்டி எடுப்பவர் ஊரில் மேல்தட்டுதான், அவருக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

நான் பைக்காரன். அதே 2023 நவம்பரில் எங்களுக்கும் ஏற்றினார்கள். ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. என் பைக் ஒரு லட்சத்து பதினெட்டாயிரம். நான் கட்டியது 12 சதவீதம். அதாவது 5 லட்ச ரூபாய் காருக்கு என்ன விகிதமோ அதே விகிதம் என் பைக்குக்கு. உங்கள் கிராஃபை இங்கேயும் வரையுங்கள், இங்கேயும் செங்குத்துதான். இதை யாரும் நியாயமா என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அரசாங்கத்துக்குக் காசு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என் அம்மா அதில்தான் தினமும் பூ மார்க்கெட் போகிறார். அந்தக் காசை யார் கொடுப்பது? கார்க்காரர் கொடுக்கட்டும்.

---

வேடசந்தூர் டீச்சர்

தம்பி, அந்த பஸ்ஸில் நானும் போனவள்தான். ஆபரேஷன் முடிந்து மறுபடி வேலைக்குப் போனபோது அதில்தான் போய்வந்தேன். முதல் படி முழங்கால் உயரம். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிடுவார். நின்ற வண்டியில் ஏறுவதே அந்தப் பாடு, இறங்கும்போது டிரைவர் பிரேக்கை விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். பஸ்ஸை மட்டமாகப் பேசவில்லை, எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி எனக்கு சம்மதம். கார்க்காரர் கூடக் கொடுக்கட்டும். பைக் கணக்கும் சரியாகப் பிடித்தீர்கள், அதுவும் இதே கோளாறுதான். ஆனால் நான் கேட்பது வேறு. 9.9 லட்சத்துக்கு வாங்குகிறவர் ஏழையும் இல்லை, 10.1 லட்சத்துக்கு வாங்குகிறவர் பணக்காரரும் இல்லை. இருவர் வசதிக்கும் உள்ள வித்தியாசம் இருபதாயிரம் ரூபாய். வரி வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கு மேல். பணக்காரரிடம் கூட வாங்குவது என்ற நோக்கத்துக்கு இந்த முறை எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றையும் பாருங்கள். 20 லட்சத்துக்கு மேல் விகிதம் ஏறவே இல்லை. 21 லட்ச ரூபாய் காருக்கும் 20 சதவீதம், 3 கோடி ரூபாய் காருக்கும் 20 சதவீதம். பத்து லட்சத்தில் ஐந்து புள்ளி ஏற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு கோடியில் அரைப் புள்ளி ஏற்றத் தோன்றவில்லை. உங்கள் அம்மாவின் பஸ்ஸுக்குக் காசு அங்கே அல்லவா இருக்கிறது?

---

நின்றுகொண்டே பயணம்

அதற்கு நான் ரெடி. 50 லட்சத்துக்கு மேல் 25, ஒரு கோடிக்கு மேல் 30 என்று போட்டால் முதல் கைதட்டல் என்னுடையது.

---

பழைய ஜல்லி

நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருவரும் பணக்காரர், ஏழை என்று பேசுகிறீர்கள். இந்த வாழ்நாள் வரியை எல்லாரும் சாலை வரி என்று சொல்வதால் நான் சாலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

சாலைக்கு வண்டியின் விலை தெரியாது. எடைதான் தெரியும். 1950களின் கடைசியில் அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாநிலத்தில், சோதனைச் சாலைகள் போட்டு அவற்றின்மேல் வருஷக்கணக்கில் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஆஷோ சோதனை என்று எங்கள் படிப்பில் வரும். அதில் கிடைத்த கணக்கு: அச்சில் விழும் எடை இரட்டித்தால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ பதினாறு மடங்கு ஆகும். டீச்சர், நாலாம் படி. 900 கிலோ காரையும் 1,800 கிலோ காரையும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் அதற்குள் யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அதே கணக்கில் பத்து டன் இறங்கும் லாரி அச்சு ஒன்று, அரை டன் இறங்கும் கார் அச்சைவிட ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு சேதம் செய்யும். அதாவது சின்ன காரோ பெரிய காரோ, சாலை உடைவதற்குக் கார் காரணமே இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் மணல் லாரி ஓடிய ரோட்டையும் ஓடாத ரோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் போதும். சக்கரம் போகிற தடத்தில் மட்டும் தார் பள்ளமாக அமுங்கி, ஓரத்தில் பிதுங்கி நிற்கும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஜல்லி தனியாகக் கழன்று வரும். காரால் அப்படி ஒரு தடம் பதிந்து நான் பார்த்ததே இல்லை. லாரிக்கு இன்றும் எடையைப் பார்த்துத்தான் வரி, அதுவும் காலாண்டுக்கு ஒருமுறை. அது முறை.

ஆகவே காருக்கு வாங்குவதை சாலைக்கான கட்டணம் என்று நினைத்துக்கொண்டு நியாயம் தேடினால் கிடைக்காது. அது சாலைக்கென்று தனி உண்டியலில் விழுவதும் இல்லை, அரசின் பொது வருமானத்தில் சேர்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் போனால் டோல் தனி. டோலில் 5 லட்ச ரூபாய் காரும் 50 லட்ச ரூபாய் காரும் ஒரே காசு, கவனித்திருப்பீர்கள். எவ்வளவு ஓட்டுகிறோமோ அதற்கேற்ப வாங்குவது பெட்ரோல் மேல் இருக்கும் வரி. ஆக வாழ்நாள் வரி என்பது சொத்து வாங்கும்போது வசூலிக்கிற வரி, அவ்வளவே. பத்திரப் பதிவுச் செலவு மாதிரி. வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் ஓய்வூதியக்காரரும் முப்பதாயிரம் ஓட்டும் வியாபாரியும் ஒரே வரி கட்டுவது அதனால்தான்.

விலையை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்றால், இன்வாய்ஸில் அச்சடித்து இருக்கிறது, யாரும் சண்டை போட முடியாது. வேறு பெரிய தத்துவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

---

வேடசந்தூர் டீச்சர்

சார், நன்றி. நாலாம் படியை நாளைக்கே வகுப்பில் உபயோகிக்கப் போகிறேன்.

சொத்து வரி என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மின்சார கார்? 2020லிருந்து அவற்றுக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்காக, சரி. ஆனால் ஒன்றரைக் கோடி ரூபாய் ஜெர்மன் மின்சார காருக்கும் பூஜ்யம்தான். எங்கள் பள்ளி கிளார்க் 6 லட்ச ரூபாய்க்கு ஒரு சின்ன பெட்ரோல் கார் எடுத்தார், 78,000 கட்டினார். பேட்டரிக்கு ஊக்கம் கொடுக்கிறோம் என்றால் முதல் 15 லட்சத்துக்குக் கொடுத்தால் போதாதா? கர்நாடகாவில் 2024ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார கார்களுக்கு 10 சதவீதம் போட்டார்கள். கேரளாவிலும் 2025ல் 15 லட்சத்துக்கு மேல், 20 லட்சத்துக்கு மேல் என்று பிரித்து ஏற்றினார்கள். நினைத்தால் முடிகிறதே.

---

எக்ஸ்சேஞ்ச் அண்ணாச்சி

கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கி விற்கிறேன். தொழில்காரன் பார்வையில் நாலு வார்த்தை.

பத்து லட்சக் கோடு இருப்பது கம்பெனிகளுக்கு நல்லாவே தெரியும். 9.99 லட்சம் என்று ஏன் இத்தனை வேரியன்ட் வருகிறது? பார்க்க அழகாக இருக்கிறது என்பது பாதி, தாண்டினால் வாங்குகிறவன் கொட்டேஷனைப் பார்த்து ஓடிவிடுவான் என்பது மீதி. நிறையப் பேர் இந்தக் கோட்டுக்காகவே ஒரு படி கீழ் வேரியன்ட் எடுக்கிறார்கள். பின்னாடி கேமரா இல்லாமல் எடுத்துவிட்டு வெளியே போட்டுக்கொள்வார்கள்.

டீச்சருக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22ல் ஜிஎஸ்டி மாறியது. 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கிற பெட்ரோல் காருக்கு 28ம் செஸ் 1ம் சேர்த்து 29 ஆக இருந்தது 18க்கு இறங்கியது. 10.80 லட்சத்துக்கு விற்ற வண்டி, குறைத்ததை அப்படியே கொடுத்தால், சுமார் 9.88 லட்சம். விலை குறைந்தது ஒரு பக்கம். கூடவே கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதால் லைஃப் டாக்ஸ் 1,94,400லிருந்து ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் சொச்சத்துக்கு விழுந்தது. டெல்லியில் ஒரு வரியைக் குறைக்க, சென்னைக்கு வர வேண்டிய வரியில் மூன்றில் ஒரு பங்கு தானாகப் போனது. ஜிஎஸ்டியும் சேர்ந்த விலைக்குத்தானே இவர்கள் வரி போடுகிறார்கள், வரி மேல் வரி.

அப்புறம் 30 சதவீதம் போடச் சொல்கிற தம்பிக்கு. போடுங்கள். அடுத்த வாரமே எல்லா பெரிய வண்டியும் புதுச்சேரி நம்பரில் ஓடும். அங்கே வரி ரொம்பக் குறைவு. 2017ல் கேரளாவில் சினிமாக்காரர்கள் சிலர் இப்படி அங்கே வீட்டு முகவரி காட்டி சொகுசு கார் பதிவு செய்த விவகாரம் வழக்கு வரை போனது. இங்கேயும் பீளமேடு பக்கம் நின்று பார்த்தால் பிஒய் நம்பர் எத்தனை என்று எண்ணலாம்.

---

ஆடிட்டர் ஆபீஸ் பையன்

அண்ணாச்சி, அது சும்மா ஓடாது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு சொல்கிறது. பிடிப்பார்களா என்பது வேறு கேள்வி.

டீச்சர், உங்கள் கொட்டேஷனில் இன்னொரு வரி இருக்குமே, பார்த்தீர்களா? டிசிஎஸ் என்று 1 சதவீதம், விற்பவரே உங்களிடம் வாங்கி வருமான வரித் துறைக்குக் கட்டுவது. அதுவும் இதே பத்து லட்சக் கோடுதான், அதுவும் முழு விலைக்குத்தான். 10,340 ரூபாய் இருக்கும். ஆனால் அது உங்கள் பான் நம்பரில் ஏறும். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ரீஃபண்ட் வரும். ஷோரூமில் இதைச் சொல்லவே மாட்டார்கள். மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் சொல்கிற அடுக்கு முறை ஏன் இல்லை என்றால், கொண்டுவந்தால் பத்து லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை ஒவ்வொரு காரிலும் அரசுக்கு 55,000 குறையும். அதை எந்த நிதித்துறையும் ஒப்புக்கொள்ளாது. வேண்டுமானால் விகிதத்தை ஏற்றி ஈடு கட்டலாம். அப்போது 18 லட்ச ரூபாய் வண்டிக்காரர் இப்போது கட்டுவதைவிடக் கூடக் கட்டுவார், உங்களுக்குக் குறையும். அவர் இங்கே வந்து ஒரு கேள்வி போடுவார்.

---

கொடைரோடு குமார்

ஏழு லட்சத்துக்கு ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றுற ஆட்டோமேட்டிக்) சின்ன கார் இருக்கே, அதை வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே. எதுக்கு இவ்வளவு பேச்சு?

---

வேடசந்தூர் டீச்சர்

குமார், ஓட்டிப் பார்த்தேன். சீட் தாழ்வு. உட்காருவது சுலபம், எழுந்திருக்கும்போது முழங்காலை மடக்கி முழு எடையையும் அதில் ஏற்ற வேண்டியிருக்கிறது. கதவின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், ஷோரூம் பெண் ஓடிவந்து தாங்கினாள். உயரமான வண்டி பார்ப்பது பந்தாவுக்கு இல்லை.

மாற்றுத்திறனாளி சலுகை கேளுங்கள் என்று ஒருவர் தனிச் செய்தியில் சொன்னார். அந்தச் சான்றுக்கு நான் தகுதி இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார். தகுதி உள்ளவர்களுக்கு அது போகட்டும்.

ஆடிட்டர் தம்பி, 18 லட்சக்காரர் வந்து கேள்வி போட்டால் நானே பதில் சொல்கிறேன். கூட வைத்திருக்கிறவர் கூடக் கட்டுவதற்குப் பெயர்தான் ஏறுமுக வரி. 2023க்கு முன்பு 10 லட்சம் வரை 10, மேலே 15 என்று இருந்தது. பிறகு 13, 18 ஆனது. இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஏற்றியிருக்கிறார்கள், நடுவில் உள்ள ஐந்து புள்ளிச் சுவர் அப்படியே நிற்கிறது. யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டிய சுவர் மாதிரித் தெரியவில்லை. பழைய அட்டவணையை எடுத்து எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வரம்பையாவது விலைவாசிக்கு ஏற்றபடி நகர்த்தியிருக்கலாம், அதுவும் இல்லை.

பழைய ஜல்லி சார் சொன்னபடி இன்வாய்ஸில் அச்சடித்த விலையைத்தான் பிடிப்பார்கள் என்றால், அதே விலையை அடுக்கடுக்காகப் பெருக்குவதற்கும் ஆர்டிஓ ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. என் எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுவான்.

---

எக்ஸ்சேஞ்ச் அண்ணாச்சி

டீச்சர், சுவர் இடியும் வரை கால் காத்திருக்காது. என் யோசனையைக் கேளுங்கள். மூன்று வருஷம் ஓடிய ஆட்டோமேட்டிக் பாருங்கள், தமிழ்நாடு நம்பர். லைஃப் டாக்ஸ் முதல் ஓனரே கட்டியிருப்பார், நீங்கள் பெயர் மாற்றக் கட்டணம் மட்டும்தான். நீங்கள் கேட்கிற உயரமான வண்டியே எட்டு, எட்டரைக்குக் கிடைக்கும். வேறு மாநில நம்பர் குறைந்த விலைக்கு வந்தால் ஏமாற வேண்டாம், இங்கே வரி கட்டியாக வேண்டும்.

எடுக்கும்போது மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல் இல்லையே தவிர, ஏஎம்டியில் உள்ளே கிளட்ச் உண்டு, தேயும். மேட்டில் நிறுத்தி பிரேக்கை விட்டுப் பாருங்கள். உதறினால் விட்டுவிடுங்கள்.

---

வேடசந்தூர் டீச்சர்

இது உருப்படியான யோசனை அண்ணாச்சி. ஏஎம்டி மாதிரி தேயும் கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையில் எட்டரைக்குள் திண்டுக்கல், மதுரைப் பக்கம் ஏதாவது வந்தால் சொல்லுங்கள். லீவு நாளில் வந்து பார்க்கிறேன்.

வரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. போக்குவரத்துத் துறைக்கு இரண்டு கொட்டேஷனையும் இணைத்து ஒரு மனு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பைக் கணக்கையும் சேர்த்துவிட்டேன் தம்பி, ஒரு லட்சத்துக்கும் ஒரு லட்சத்து ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்.

---

நின்றுகொண்டே பயணம்

மனுவில் ஒரு கோடிக்கு மேல் 30 என்பதையும் போடுங்கள் டீச்சர். அதைப் போட்டால் நானும் கையெழுத்து.